மகளே, மூச்சை மெதுவாக விடு

தர்ஷி,

உன் சூட்கேஸ் முன் அறையில் திறந்தபடியே கிடக்கிறது. அம்மா அதற்குள் எதையாவது வைக்கிறாள், கொஞ்ச நேரம் கழித்து அதை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கிறாள். நீ வேலைக்குப் போகிற மாலைதீவில் மிளகாய்த்தூள் கிடைக்காதா என்று கேட்டேன், இன்னொரு பொட்டலத்தையும் கொண்டுவந்து வைத்தாள். விமான நிலையத்தில் எனக்குப் பேச்சு வராது என்று உனக்கே தெரியும். உன்னைப் பல்கலைக்கழகத்தில் கொண்டுபோய் விட்ட அன்றும் திரும்பி வரும் பஸ் நேரத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன். அதனால் எழுதுகிறேன். இதில் பாதிக்கு மேல் நீயும் பக்கத்தில் இருந்து பார்த்ததுதான். ஆனால் என் மாஸ்க்குக்குப் பின்னால் இருந்து பார்த்தபோது அது எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. நீ இல்லாத நேரத்தில் நடந்த சில காரியங்களும் இருக்கின்றன. அவற்றையும் நீ தெரிந்துகொண்டு போவது நல்லது.

நான் டைவிங் பழக வந்த ஆள் இல்லை, உனக்குக் காவலாக வந்த ஆள். பவளப் பாறைகளைக் கண்காணிக்கும் வேலைக்குப் போக வேண்டுமானால் கடலுக்கடியில் இறங்கத் தெரிந்த சான்றிதழ் வேண்டும் என்று நீ சொன்ன அன்று, அம்மா கேட்ட முதல் கேள்வியே யாரோடு இறங்குவாய் என்பதுதான். தெரியாத ஊரில், தெரியாத ஆண்களோடு, அதுவும் தண்ணீருக்குள் என்றால் முடியவே முடியாது என்றாள். இரண்டு நாள் வீட்டில் இதே வாக்குவாதம். கடைசியில் அப்பா கூடப் போவார் என்று முடிவானது. எல்கடுவையில் இந்தக் குளிரில் பிறந்து வளர்ந்து, தேயிலைத் தொழிற்சாலை மோட்டர்களோடு வயது ஐம்பத்து நாலைத் தொட்ட ஒரு எலெக்ட்ரீஷியனுக்குக் கடலில் என்ன வேலை என்று யாரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை, கரையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கத்தானே போகிறேன்.

முதல் பாடங்கள் கடலில் இல்லை, தம்புள்ளையில் ஒரு ஹோட்டல் நீச்சல் குளத்தில். நிலாவெளிக் கடற்கரையில் இருந்து டைவிங் பயிற்சியாளர் நிரோஷன் சனிக்கிழமைகளில் அங்கே வந்து சொல்லிக்கொடுப்பார். நான் சப்பாத்து போட்டபடி குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். உனக்குச் சோடியாக வரவேண்டிய பெண் அன்று வரவில்லை. சோடி இல்லாமல் பழகுவது கஷ்டம், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதுதான் பாதிப் பாடம் என்று நிரோஷன் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். நீந்தத் தெரியுமா என்று கேட்டார். இளவயதில் பல்லேகமப் பக்கம் வயரிங் வேலை பார்த்தபோது குளத்தில் நீந்திப் பழகியிருக்கிறேன் என்றேன். அப்போது நீ சிரித்தாய். "அப்பாவா?" என்றாய். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை, தெரியும். ஆனாலும் அந்தச் சிரிப்புதான் அடுத்த வாரமே என்னை மாத்தளையில் டாக்டரிடம் கொண்டுபோய் நெஞ்சையும் காதையும் சோதித்துக்கொள்ள வைத்தது.

சிலிண்டர், குழாய், வாயில் கடிக்கும் ரெகுலேட்டர் என்று நிரோஷன் ஒவ்வொன்றாகக் காட்டியபோது எனக்கு உள்ளூர ஒரு தெம்பு. வால்வும் அழுத்தமும் என் அன்றாட வேலை. இந்தச் சாமான் எப்படி வேலை செய்யும், எங்கே கெட்டுப்போகும் என்பது எனக்குக் கேட்ட உடனே புரிந்தது. உனக்குப் புரிய நேரம் எடுத்தது. பிறகு தண்ணீருக்குள் முட்டி போட்டு உட்கார்ந்து, மாஸ்க்கைக் கழற்றி, திரும்ப மாட்டி, உள்ளே புகுந்த தண்ணீரை மூக்கால் ஊதி வெளியேற்றச் சொன்னார். நீ ஒரு தடவை செய்தாய், வந்துவிட்டது. நான் கழற்றினேன். குளிர்ந்த தண்ணீர் கண்ணிலும் மூக்கிலும் அடித்த அந்த நொடியில் வால்வும் தெரியவில்லை, அழுத்தமும் தெரியவில்லை. வாயில் நல்ல காற்று வந்துகொண்டிருந்தது, நான் மூக்கால் இழுத்தேன். அடுத்த நொடி எழுந்து நின்று இருமிக்கொண்டிருந்தேன். தண்ணீர் என் நெஞ்சளவுதான். நெஞ்சளவு தண்ணீரில் செத்துவிடுவேன் என்று நினைத்த மனிதனை அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

இன்னும் இரண்டு தடவை முயன்றேன், இரண்டு தடவையும் எழுந்தேன். நிரோஷன் முகத்தில் சலிப்பே இல்லை. "அவசரம் ஒண்ணுமில்ல அங்கிள். இன்னைக்கு வராட்டி அடுத்த கிழமை வரும்," என்றார். மூக்கை மூடாமல், வாயால் மட்டும் மூச்சு விட்டுப் பழகச் சொன்னார். அதற்குக் கடல் வேண்டாம், ஒரு பேசின் தண்ணீர் போதும் என்றார். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லிச் சொல்லி நீ உன் சிநேகிதிகளோடு சிரித்திருக்கிறாய். வேலை முடிந்து வந்து, வெந்நீர் போட்டுக் கலந்த பேசினில் முகத்தைக் கவிழ்த்து, வாயில் ஸ்நோர்க்கல் குழாயோடு குந்தியிருப்பேன். பால் கொண்டுவருகிற மனிதர் ஒருநாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, ஐயாவுக்கு என்ன நோய் என்று அம்மாவிடம் மெதுவாகக் கேட்டாராம். சளி என்று சொல்லி அனுப்பினாள். அந்தப் பேசினில் நான் கற்றது ஒன்றுதான். தண்ணீர் மூக்குக்குள் வந்து நிற்கும், நிற்கட்டும். உள்ளே இழுக்காத வரைக்கும் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. வெளியே விடும் மூச்சை நீட்டி, மெதுவாக விட்டால், உள்ளே வரும் மூச்சு தானாக அடங்கி வருகிறது. பயந்தவனுக்கு இழுக்கத்தான் தோன்றும், விடத் தோன்றாது. அதைத்தான் பழக வேண்டியிருந்தது.

நிலாவெளியில் கடலில் இறங்கிய முதல் நாள் எனக்கு இரவெல்லாம் தூக்கம் இல்லாத கண். படகில் நீ பக்கத்தில் இருந்தவர்களோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாய். நான் என் மேல் இருந்த ஒவ்வொரு கொக்கியையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், பிறகு உன்னுடையதையும் பார்த்தேன். தண்ணீருக்குள் விழுந்ததும் நீ தலைகீழாகப் போகப் பார்த்தாய், மீன் குஞ்சு மாதிரி. நான் நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு கை, அடுத்த கை என்று இறங்கினேன். காது வலித்தால் நின்றேன், கொஞ்சம் மேலே ஏறினேன், மூக்கைப் பிடித்து ஊதினேன், மறுபடி இறங்கினேன். நிரோஷன் எனக்காக நின்றார், நீயும் நிற்க வேண்டியதாயிற்று. உன் கண்ணில் அவசரம் தெரிந்தது. அடியில் மணலில் முழங்கால் பட்டதும் என் மூச்சுச் சத்தம் தொழிற்சாலையில் பெரிய விசிறி ஓடுவது போலக் கேட்டது. நிமிர்ந்து பார்க்காதே என்று மனசு சொன்னது, நிமிர்ந்து பார்த்தேன். படகின் அடிவயிறு மேலே சின்னதாகத் தெரிந்தது. அப்போது என் முகத்துக்கு நேரே மஞ்சள் மீன் ஒன்று வந்து நின்று என்னையே பார்த்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் விசிறிச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவிட்டதைப் பிறகுதான் கவனித்தேன்.

பயிற்சி முடிந்து நாம் இரண்டு பேரும் தேறினோம். ஆனால் நாம் தேறிய விதம் வேறு வேறு. தண்ணீருக்குள் உனக்கு எல்லாம் சுலபமாக வந்தது, அதனால் எதையும் இரண்டாம் தடவை செய்து பார்க்க உனக்கு அவசியம் இருக்கவில்லை. எனக்கு எதுவும் வரவில்லை, அதனால் எல்லாவற்றையும் திரும்பத் திரும்பச் செய்தேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. உன் வயதில் எனக்குத் தோட்டத்து லயன் வீட்டுக் கூரையில் ஏறி மழையில் வயர் இழுப்பதும் சுலபமாகத்தான் இருந்தது.

அடுத்த மாதம் நாம் மறுபடி போனோமே, அந்த நாளைப் பற்றி நாம் இருவரும் அதற்குப் பிறகு முழுதாகப் பேசியதே இல்லை. நீரோட்டம் கொஞ்சம் பலமாக இருந்தது. பாறை ஓரமாகப் போய்க்கொண்டிருந்தோம், நீ எனக்கு இடப்பக்கம். எதிரே வந்த வேறொரு கூட்டத்தில் ஒருவர் சட்டென்று திரும்பியபோது அவர் காலில் மாட்டியிருந்த துடுப்பு உன் முகத்தில் அடித்து, உன் மாஸ்க் கழன்று போனது. நீ மூக்கால் இழுத்ததை நான் பார்த்தேன். அது எனக்கு நன்றாகத் தெரிந்த இழுப்பு. அடுத்து நீ மேலே பாயப் போகிறாய் என்பதும் தெரிந்தது. அவ்வளவு ஆழத்தில் இருந்து அப்படிப் பாய்ந்தால் நுரையீரலே கிழிந்துபோகலாம் என்று இரண்டு பேருமே படித்திருந்தோம். உன் மிதவை ஜாக்கெட்டின் பட்டியைப் பிடித்தேன். நீ என்னை உதைத்தாய். உன் வாயில் இருந்து ரெகுலேட்டர் நழுவாமல் ஒரு கையால் அழுத்திப் பிடித்தேன். உனக்கு என் முகம் தெரியாது, நான் யார் என்றுகூட அந்த நேரம் உனக்குத் தெரிந்திருக்காது. உன் கையை எடுத்து என் கைக்குள் வைத்து மெதுவாக அழுத்தினேன், அதைவிட மெதுவாகத் தளர்த்தினேன். அழுத்தும்போது இழு, தளர்த்தும்போது விடு. இப்படி நாம் பேசி வைத்திருக்கவில்லை, ஆனால் நீ புரிந்துகொண்டாய். குமிழிகள் முதலில் கூட்டமாகப் போயின, பிறகு இடைவெளி விட்டுப் போயின. நிரோஷன் உன் மாஸ்க்கோடு வந்தார். நீயே மாட்டி, நீயே ஊதித் தண்ணீரை வெளியேற்றினாய். கண் திறந்து என்னைப் பார்த்தாய். மேலே போகும் வழியில் நிற்க வேண்டிய இடத்தில் நின்று, அவசரப்படாமல் ஏறினோம். அவ்வளவு நேரமும் உன் கை என் கையில்தான் இருந்தது.

கரைக்கு வந்து உடுப்பு மாற்றிய பிறகு என்னிடம் வந்து, "அப்பா, அம்மாகிட்ட சொல்லிறாதீங்க," என்றாய். சரி என்றேன். பஸ்ஸில் ஹபரணை தாண்டும் வரை நீ ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தாய். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும், நீ தூங்குகிறாய் என்று நினைத்தது போலவே நானும் நடந்துகொண்டேன். பலாபத்வல கிட்ட வரும்போது, மாலைதீவு வேலை வேண்டாம் என்று எழுதிவிடப் போகிறேன் என்றாய். அதற்கும் சரி என்றேன். நான் ஏதாவது சொல்வேன் என்று நீ எதிர்பார்த்திருப்பாய். நீ உதைத்துக்கொண்டு தவித்ததைப் பார்த்த ஒரு தகப்பனுக்கு, வேண்டாம் என்ற வார்த்தை இனிப்பாகத்தான் கேட்டது. அதையும் உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

ஆனால் நீ எழுதவில்லை. இரண்டு வாரம் போனது, மாலைதீவுக்காரர்களுடைய மின்னஞ்சலுக்கு வேண்டும் என்றும் எழுதவில்லை, வேண்டாம் என்றும் எழுதவில்லை. ஒருநாள் நான் வேலையால் வந்தபோது அம்மா சமையலறையில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "நீங்க பண்ணுன கூத்த இப்ப மக பண்றா, குளிக்கிற அறையில பேசினோட உக்காந்திருக்கா, என்ன நடந்துச்சு?" என்று கேட்டாள். பாலர் பள்ளியில் இத்தனை வருஷம் பிள்ளைகளைப் பார்த்தவளிடம் சளி என்று சொல்ல முடியுமா? சொல்லிவிட்டேன், தர்ஷி. உனக்குக் கொடுத்த வார்த்தையை அன்றைக்கே மீறிவிட்டேன். முழுவதையும் சொன்னேன், நீ உதைத்தது வரைக்கும்.

அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை. பயற்றங்காய் முடியும் வரை நறுக்கினாள். பிறகு, "ரெண்டு பேரும் ஒன்னாத்தான மேல வந்தீங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்ப பயந்த எடத்துக்கே திரும்பக் கூட்டிட்டுப் போங்க. இப்ப நிறுத்துனா அது அவளுக்கு ஆயுசுக்கும் பெருசா நிக்கும்." அவளா பேசுகிறாள் என்று நான் நின்றேன். இன்னொன்றும் சொன்னாள். தனக்குத் தெரியும் என்பது உனக்குத் தெரியக் கூடாது என்றாள். தனக்காக நீ நிறுத்தினதாகவும் இருக்கக் கூடாது, தனக்காகப் போனதாகவும் இருக்கக் கூடாது என்றாள். அடுத்த சனிக்கிழமை, தம்புள்ளையில் மரக்கறி மலிவு, நானும் வருகிறேன் என்று கிளம்பினாளே, அதன் காரணம் இதுதான். அன்று குளத்தோரம் நாற்காலியில் உட்கார்ந்து அவள் வேடிக்கை பார்த்ததாக நீ நினைத்தாய். அவள் விரலால் நாற்காலிக் கையைப் பிடித்திருந்த விதத்தை நான் பார்த்தேன்.

அன்று நீ மாஸ்க்கைக் கழற்றிய முதல் தடவை உன் தோள் இறுகியது. எழப் போனாய், எழவில்லை. நிரோஷன் மறுபடி என்றார், மறுபடி செய்தாய். கண்ணை மூடிக்கொண்டு செய்தாய், திறந்துகொண்டு செய்தாய், மாஸ்க் இல்லாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு குளத்தின் ஒரு முனையில் இருந்து மறு முனைக்கு வந்தாய். எது வரைக்கும் செய்வது என்று நீ கேட்டபோது அவர் சொன்னது எனக்கு மறக்காது. "போரடிக்கிற வரைக்கும் செய்ங்க. போரடிச்சா பயம் போயிட்டுன்னு அர்த்தம்." சாயங்காலம் நீ தண்ணீருக்குள்ளேயே கொட்டாவி விடுகிற மாதிரி நடித்துக் காட்டினாய். மூன்று வாரம் கழித்து அதே பாறை ஓரத்தில், யாரும் சொல்லாமல், என்னிடம் சைகை காட்டிவிட்டு நீயே மாஸ்க்கைக் கழற்றினாய். கையை நீட்டினேன், நீ பிடிக்கவில்லை. தேவைப்படவில்லை. மாட்டி, ஊதி, கண்ணைத் திறந்து, சரி என்று விரலை வட்டமாகக் காட்டினாய். அன்று இரவே மாலைதீவுக்கு எழுதினாய்.

இனி நீ போகிற இடத்தில் ஆழமும் நீரோட்டமும் இதைவிட அதிகம் என்கிறாய். கூட இறங்குகிறவர்கள் உன்னைவிட அனுபவசாலிகளாக இருப்பார்கள். அவர்கள் அவசரத்துக்கு உன் காது வலியை மறைக்காதே. இறங்கும் முன் உன் கொக்கிகளை நீயே தொட்டுப் பார், சோடியாக வருகிறவருடையதையும் பார், அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும். சுலபமாக வருவதைத்தான் அடிக்கடி பழகு, கஷ்டமானதை நீ எப்படியும் பழகிவிடுவாய். நம் பழக்கத்தில் கட்டை விரலை உயர்த்தினால் நல்லது என்று அர்த்தம், கடலுக்கடியில் அதற்கு மேலே போவோம் என்று அர்த்தம். யார் காட்டினாலும் மற்றவர் ஏறத்தான் வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது, கேள்வியெல்லாம் படகில்தான். டைவிங்கில் எனக்கு மிகவும் பிடித்த சட்டம் அதுதான். அந்தச் சட்டம் நம் வீட்டுக்கும் பொருந்தும். வேலை சரிவரவில்லை, ஆட்கள் சரிவரவில்லை, ஒரு காரணமும் இல்லாமல் மனசு சரிவரவில்லை என்றாலும் டிக்கட்டைப் போட்டு வந்துவிடு. சாப்பிட்டுத் தூங்கி எழும் வரை உன்னை யாரும் ஒன்றும் கேட்க மாட்டோம்.

எல்லாம் முடிவான பிறகும் உனக்கு ஒரு மனக்குறை இருந்தது. போ என்று அம்மா இன்னும் வாயால் சொல்லவில்லை என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னாய். அதற்கும் ஒரு பதில் இருக்கிறது. போன ஞாயிறு, நீ மெடிக்கல் சோதனைக்காகக் கொழும்பில் நின்றாயே, அன்று நான் நிலாவெளிக்குப் போனேன். தனியாகப் போகிறேன் என்றதும் அம்மாவும் சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். படகிலும் ஏறினாள். வாழ்நாளில் முதல் தடவை. ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கடலைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்குச் சோடியாகக் குருணாகலையில் இருந்து வந்த ஒரு பல் டாக்டர் கிடைத்தார், நல்ல மனிதர், சிங்களத்தில் பேசிச் சைகைகளை ஒத்துக்கொண்டோம். தண்ணீருக்குள் தலை போனதும் பழைய பயம் வந்தது. பழக்கத்தில் இடப்பக்கம் திரும்பினேன், நீ இல்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். டாக்டர் காத்திருந்தார். மூச்சை நீட்டி விட்டேன், இன்னொன்று விட்டேன், பிறகு இறங்கினேன். அடியில் ஒரு ஆமை பாறையில் எதையோ சுரண்டித் தின்றுகொண்டிருந்தது. நாங்கள் வந்ததை அது கண்டுகொள்ளவே இல்லை. அதன் பக்கத்தில் எவ்வளவு நேரம் இருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. பயப்படுகிறேனா இல்லையா என்று என்னையே நான் கேட்டுக்கொள்ளாத முதல் டைவ் அதுதான்.

மேலே வந்து படகில் ஏறினேன். அம்மா துவாயைக் கொடுத்தாள். காது மடலில் இருந்த உப்பைத் துடைத்துவிட்டாள். மற்றவர்கள் சிலிண்டரைக் கழற்றி வைத்தார்கள். பிறகு மெதுவாக, "புள்ள இல்லாம எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"மொதல்ல ஒரு மாதிரி இருந்துச்சு. பெறகு சரியாப் போச்சு."

அவள் அப்போதுதான் என்னை விட்டுவிட்டுக் கடலைப் பார்த்தாள். நீளமாகப் பார்த்தாள். கரை கிட்ட வரும்போது, "அப்ப நமக்கும் பழகிரும். அவ போகட்டும்," என்றாள்.

உன் முகத்தைப் பார்த்து அவளுக்கு இதைச் சொல்ல வராது. அதனால்தான் எழுதினேன். போய் வா, மகளே.

அப்பா